காத்திருக்கத் தெரியாதவர்க்குத் திருவருகைக் காலம் எதற்கு?

டிசம்பர் பிறந்தவுடனேயே நம் இல்லங்களில் விண்மீன்கள் ஒளிரத் தொடங்கிவிடுகின்றன. பாடற்குழுவினர் தெருத்தெருவாகச் சென்று, பாலன் பிறந்துவிட்டார் என்று பல நாள் முன்னதாகவே அறிவித்துவிடுகின்றனர். சங்கங்களும் பள்ளிகளும் 20ஆம் நாளுக்குள் கேக் வெட்டி விழாவை முடித்துவிடுகின்றன. நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் நமக்கு எஞ்சுவன களைப்பும் கடனுமே. திருவழிபாட்டின்படி கிறிஸ்து பிறப்புக் காலம் அப்போதுதான் தொடங்கி, ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை நீடிக்கிறது. நாமோ தொடங்க வேண்டிய நாளில் முடித்துக்கொள்கிறோம்.

மகிழ்ச்சியை முன்கூட்டியே கொண்டாடினால் என்ன கேடு என்று கேட்போர் உண்டு. கேடு உண்டு என்பதே நம் வாதம். இக்காலத்து ஞாயிறுகளில் திருச்சபை வானவர் கீதத்தைப் பாடாது விடுகிறது. ஊதா உடை அணிகிறது. மகிழ்ச்சிக்குத் தடை விதிப்பதற்காக அன்று. மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறே. ஆனால் டிசம்பர் 16 வரை திருவழிபாடு முதன்மையாக ஆண்டவரின் இரண்டாம் வருகையை நோக்கியே நம் கண்களைத் திருப்புகிறது. 17 முதல் 24 வரையான நாள்களே பெத்லகேமுக்கு நம்மை நேராக ஆயத்தப்படுத்துகின்றன. நமக்கோ முதற்பகுதி வேண்டியதில்லை. குடிலில் கிடக்கும் குழந்தை நம்மிடம் கணக்குக் கேட்பதில்லை அல்லவா?

நம் பீடங்களை இன்று அணிசெய்யும் திருவருகை வளையத்தின் வரலாற்றை நினைவுகூர்வோம். 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற சிறுவர்களைப் பேணிய விக்கெர்ன் என்ற லூத்தரன் சபைப் போதகர், அவர்கள் நாள்களை எண்ணிக் காத்திருப்பதற்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்தார். ஒன்றுமில்லாத சிறுவர்களுக்குக் காத்திருக்கத் தெரிந்தது. எல்லாவற்றையும் முன்னரே வாங்கிக் குவித்த நமக்கு எதற்காகக் காத்திருப்பது என்றே தெரியவில்லை.

காத்திருத்தல் என்பது கைகட்டி அமர்ந்திருத்தல் அன்று. மழைக்காகப் பொறுத்திருக்கும் உழவரைப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் சுட்டிக்காட்டுகிறார். காவிரிப் படுகை உழவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. திருவருகைக் காலத்தில் சம்பாப் பயிர் வயலில் நிற்கும்; அறுவடை தையில்தான். கதிரை இழுத்து வளர்க்க அவரால் இயலாது. ஆனால் அவர் களை பறிப்பார், வரப்பைக் காப்பார், மிஞ்சிய நீரை வடிப்பார்.

பன்னிரண்டாம் நூற்றாண்டுப் புனிதர் பெர்நார்து, பெத்லகேம் வருகைக்கும் இறுதி வருகைக்கும் இடையே, உள்ளத்தில் மறைவாக நிகழும் மற்றொரு வருகையைப் பற்றிப் பேசினார். நம் ஒவ்வொருவருக்கும் இக்காலம் தரும் பொருள் அதுவே. அந்த வருகைக்கு வழி செய்வது எப்படி? என்ன செய்ய வேண்டும் என்று கேட்ட கூட்டத்தாரைத் திருமுழுக்கு யோவான் தோரணம் கட்டச் சொல்லவில்லை. இரண்டு அங்கி உடையவர் இல்லாதவரோடு பகிரட்டும் என்றார். வரி தண்டுவோரிடம் மிகுதியாகப் பிடுங்காதீர் என்றார். அவர் இன்று நம் பங்குக்கு வந்தால், நம் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு உரிய கூலி கொடுத்தோமா என்று கேட்பார். உடன்பிறந்தாரோடு பேசாதிருப்பது எத்தனை ஆண்டுகளாக என்று கேட்பார். சில பங்குகளில் கல்லறையிலும் சாதி பிரிக்கும் சுவரைக் காட்டி, மேடு தகர்க்கப்பட வேண்டும் என்று உங்களுக்கு ஆண்டுதோறும் வாசிக்கப்படவில்லையா என்று கேட்பார்.

ஆகவே, கேக்கும் பாடற்பவனியும் 25ஆம் நாளுக்குப் பின் நடக்கட்டும். அதற்குரிய நாள்கள் அவைதாம். அதற்கு முந்தைய நான்கு வாரங்கள் களையெடுப்புக்கு உரியவை. அவற்றை வாணிபத்தார் நம்மிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை. நாமே விரும்பிக் கொடுத்தோம். ஆகவே நாமே மீட்டுக்கொள்ளவும் முடியும்.