நடைபாதைக்கு வராத 1991

பெங்களூரு சிவாஜிநகர் பேருந்து நிலையத்தில் இறங்கி ரஸ்ஸல் மார்க்கெட் பக்கம் நடந்தால், 1927இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடம் கண்ணில் படும் முன்பே வியாபாரம் தொடங்கிவிடும். தள்ளுவண்டியில் ஆரஞ்சு, கோணிமேல் கொத்தமல்லிக் கட்டு, தார்ப்பாயில் குழந்தைகள் செருப்பு. ரம்ஜான் இரவுகளில் சமோசா சட்டிகள் சேர்ந்துகொள்ளும். செப்டம்பரில் மரியன்னை பேராலயத் தேருக்கு இன்னொரு கூட்டம் கடை விரிக்கும். தமிழும் உருதும் கன்னடமும் கலந்து பேரம் நடக்கும். இங்கே விலையை எந்த அதிகாரியும் நிர்ணயிப்பதில்லை. ஆனால், அந்த இடத்தில் நிற்கலாமா கூடாதா என்பதை மட்டும் யாரோ ஒருவர் தினமும் முடிவு செய்கிறார்.

பொருளாதாரச் சுதந்திரம் என்று பேச்செடுத்தாலே நம் விவாதங்கள் பெருநிறுவனங்களையும் பங்குச்சந்தையையும் வரிச்சலுகையையும் சுற்றியே போகின்றன. அந்தச் சுதந்திரம் முதலில் போய்ச் சேர வேண்டியது தள்ளுவண்டிக்காரரிடம்.

ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியில் படித்த ராஜாஜி, எண்பது வயதில் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். 1959இல் அவர் எதிர்த்து நின்றது லைசென்ஸ்–பர்மிட் ராஜ்யத்தை. எதைத் தயாரிப்பது, எவ்வளவு தயாரிப்பது என்பதற்கெல்லாம் அரசிடம் கைகட்டி நிற்க வேண்டியிருந்த காலம் அது. 1991 ஜூலையில் வந்த புதிய தொழிற்கொள்கை, 18 தொழில்களைத் தவிர மற்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை என்றது. தொழிற்சாலை வாசலில் அந்த ராஜ்யம் முடிந்தது; நடைபாதையில் இன்னும் முடியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியல் சாசனத்தின் 19(1)(ஜி) பிரிவு தரும் தொழில் உரிமைதான், நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது என்று 1989இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் தெருவோர வியாபாரிகள் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் வழங்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், மக்கள்தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடம் தரலாம் என்கிறது அது. 2011 கணக்கெடுப்பின்படி பெங்களூரு மாநகராட்சிப் பகுதியில் சுமார் 84 லட்சம் பேர். அப்படியென்றால் 2 லட்சம் வியாபாரிகளுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. சான்றிதழ் கையில் உள்ளவர்களோ அதில் சிறு பகுதிதான்.

சான்றிதழ் இல்லாதவரின் நிலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். தராசைப் பிடுங்கிக்கொண்டால் அன்றைய வியாபாரம் அதோடு சரி. வண்டியையே தூக்கிப் போனால், தண்டலுக்கு வாங்கிப் போட்ட முதலும் பழத்தோடு அழுகும். பறித்த பொருள் அழுகக்கூடியதாக இருந்தால் உரிமை கோரிய அன்றே திருப்பித் தர வேண்டும் என்கிறது சட்டம். எந்தக் காகிதத்தைக் காட்டி அவர் கோருவார்? அதனால்தான் மாமூல். அதற்கு ரசீது கிடையாது, நாளைக்கு உத்தரவாதமும் கிடையாது. வாங்கியவர் மாறுதலாகிப் போனால் புதியவரிடம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. பெரு நாட்டின் லிமா நகரில் பொருளாதார அறிஞர் எர்னாண்டோ டி சோட்டோவின் குழு, ஒரு சிறு தையலகத்தை முறைப்படி பதிவுசெய்து பார்த்தது. 289 நாட்கள் பிடித்தன. ஏழைகள் சட்டத்துக்கு வெளியே தொழில் செய்வது சட்டத்தை வெறுப்பதால் அல்ல, உள்ளே வரும் கட்டணம் அவர்களுக்குக் கட்டுபடியாகாததால்தான் என்று டி சோட்டோ வாதிட்டார். துனிசியாவில் 2010 டிசம்பரில் பழவண்டிக்காரர் முகமது புவாசிசி, அதிகாரிகள் தன் தராசைப் பறித்த ஆத்திரத்தில் தீக்குளித்தார். அதில் மூண்ட கிளர்ச்சி ஓர் ஆட்சியையே கவிழ்த்தது.

நடைபாதை நடப்பவருக்குத்தானே என்ற கேள்வி நியாயமானது. கைத்தடி ஊன்றி வரும் முதியவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் வழி வேண்டும். 2012இல் ரஸ்ஸல் மார்க்கெட்டில் தீப்பிடித்து எத்தனையோ கடைகள் எரிந்தன. தீயணைப்பு வண்டி நுழையப் பாதையும் வேண்டும். சுதந்திரத்தை வலியுறுத்துவோர் விதியே வேண்டாம் என்பதில்லை. இத்தனை அடி அகலம் விட வேண்டும், இங்கே அடுப்பு கூடாது, குப்பையை இரவே அள்ள வேண்டும் என்று எழுதிவைத்த விதி எல்லோருக்கும் ஒன்றுதான். மீறினால் தண்டனையும் எல்லோருக்கும் ஒன்றுதான். எழுதப்படாத அனுமதியோ, அதைத் தருபவரின் மனம்போல மாறும்.

பெங்களூரு மாநகராட்சி 2025இல் ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. புதிய மாநகராட்சிகள் நினைத்தால் இதைச் சரிசெய்ய முடியும். வார்டு வாரியாகக் கணக்கெடுப்புப் பட்டியலைக் கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் ஒட்டட்டும். விண்ணப்பத்துக்கு 60 நாளில் பதில் வராவிட்டால் சான்றிதழ் கிடைத்ததாகவே கொள்ளட்டும். பொருளைப் பறிக்கும்போதே, எதைப் பறித்தோம் என்று எழுதிக் கையெழுத்திட்ட சீட்டைக் கொடுக்கட்டும். பெரும்பாலான வண்டிகளில் இன்று க்யூஆர் அட்டை தொங்குகிறது. மாதக் கட்டணத்தை வியாபாரி அதேபோல் நேராக மாநகராட்சிக் கணக்குக்கே அனுப்ப வழிசெய்தால், இடையில் கை நீட்டுபவருக்கு வேலை இருக்காது.