மரத்தாலே ஒரு மன்றம்!

இருபது மாடி! அதுவும் மரத்தால்! எரிந்துவிடாதா என்று கேட்கிறார்கள். தடித்த மரத்தில் தீப்பட்டால் மேற்புறம் கரியாகும்; அந்தக் கரியே உள்மரத்துக்குக் கவசமாகும்.

சுவீடனின் வடபகுதியில், ஷெலெஃப்தியோ நகரில், 2021-இல் திறக்கப்பட்டது சாரா பண்பாட்டு மன்றம். நாடக அரங்கு, நூலகம், கலைக்கூடம் அனைத்தும் அங்குண்டு. சூட்டிய பெயர் மன்னன் பெயரா? இல்லை! சுரங்கத் தொழிலாளரின் துயரை எழுதிய சாரா லிட்மன் பெயர்!

காடு என்னாவது? வெட்டிய இடத்தில் மீண்டும் வளர்க்கவேண்டுமென 1903-லேயே சட்டம் செய்த நாடு அது. சட்டமும் காவலும் இல்லாத காட்டில் கோடரி விழுந்தால் அது கட்டடக்கலை அல்ல, கொள்ளை!

தோழர்களே! மன்றமும் மக்களுக்கே, காடும் மக்களுக்கே! ஒன்றை எழுப்ப மற்றொன்றை அழிக்க ஒப்போம்!