அரை அளவு கூட்டினா பன்னி விழாது, குழல்தான் வெடிக்கும்

போன வாரம் பங்காளி மகன் ஒருத்தன் வந்தான். அவன் கடலைக் கொல்லையில ஒரே ராத்திரியில கால்வாசியைப் பன்னி உழுதுட்டுப் போயிருச்சு. தைலமரக் காட்டுல பகல் பூரா படுத்துக் கிடந்துட்டு, இருட்டினா இறங்குறது அதுக வழக்கம். வந்தவன் திண்ணையில உக்காந்து, "பெரியப்பா, அந்தத் துப்பாக்கிய எடுங்க. மருந்த கொஞ்சம் கூட்டிப் போட்டா ஒரே அடியில விழுந்துரும்ல?" அப்படின்னான்.

அவனுக்கு அங்கயே பதில் சொல்லிட்டேன். ஆனா இதே கேள்விய இந்தப் பக்கத்துல நிறைய பேர் கேக்குறாங்க. அதான் எழுதுறேன்.

எங்ககிட்ட இருக்கிறது ஐயா காலத்து ஒத்தைக்குழல் துப்பாக்கி. ஐயான்னா எங்க அப்பாவோட அப்பா. வாய் வழியா மருந்து போட்டு, கெஜக்கோலால கெட்டிச்சு, கேப்பு மாட்டிச் சுடுறது. இத ரைஃபிள்னு சொல்லக்கூடாது. ரைஃபிளுக்குக் குழல் உள்ள புரி வெட்டியிருக்கும், அது குண்ட சுத்தவிட்டு நேராப் போக வைக்கும். நம்மது வழவழன்னு வெறுங்குழல். 1959-ம் வருச ஆயுதச் சட்டத்துலயே, பயிர்ப் பாதுகாப்புக்கு இந்த மாதிரி வாய்வழித் துப்பாக்கிக்கு லைசென்ஸ் கொடுக்கலாம்னு தனியா எழுதியிருக்கு. ஐயாவுக்குப் பின்னால அப்பா, அப்பாவுக்குப் பின்னால நான். தேர்தல் வந்தா ஸ்டேசன்ல கொண்டுபோய்க் கொடுத்துட்டு, முடிஞ்சதும் வாங்கிட்டு வர்றோம்.

அப்பா எனக்கு முதல்ல சொல்லிக்கொடுத்தது சுடுறது இல்ல, அளக்குறது. ஒரு சின்ன மூங்கில் குழாய் வச்சிருந்தார். அதுல தலைதட்டி ஒரு அளவு, அவ்வளவுதான். டப்பாவுல இருந்து நேரா குழல்ல கொட்டவே விடமாட்டார். முந்தின வெடியோட கங்கு உள்ள கிடந்தா, டப்பாவோட சேந்து கையும் போயிரும்.

அதே மருந்து, அதே அளவு, அதே தேங்காய் நார் தக்கை, அதே கெட்டிப்பு. நாலுல ஒண்ணு மாறினாலும் குண்டு வேற இடத்துக்குப் போகும். கண்மாய்க் கரையில பனைமட்டைய நட்டு, முப்பது தப்படியில நின்னு சுடச் சொல்வார். மருந்து கூடினா சத்தமும் தோள்ல உதையும் கூடும், குறி மட்டும் விலகிப்போகும். இத நான் கண்ணால பாத்திருக்கேன். ரெண்டு மட்டையில பட்ட ஓட்டைய வச்சே அன்னைக்கு மருந்து எப்படின்னு அப்பா சொல்லிருவார்.

கெஜக்கோல்ல கத்தியால ஒரு கோடு கீறி வச்சிருந்தார். மருந்தும் குண்டும் சரியா உக்காந்தா, கோல் அந்தக் கோடு வரைக்கும் உள்ள போகணும். கோடு வெளியில தெரிஞ்சா ரெண்டுல ஒண்ணு. மருந்து ரெண்டு தடவ விழுந்திருக்கும், இல்லன்னா குண்டு நடுவுல நின்னு மருந்துக்கும் குண்டுக்கும் இடையில சந்து இருக்கும். ரெண்டுமே குழல் வெடிக்கிற வழி.

இப்ப எந்த மருந்துங்கிற விசயத்துக்கு வர்றேன். இந்தத் துப்பாக்கி கருமருந்துக்குச் செஞ்சது. உப்பு, கரி, கந்தகம் சேந்த பழைய மருந்து. புகையும் அழுக்கும் ஜாஸ்தி. சுட்டு முடிச்சதும் வெந்நீர் ஊத்திக் கழுவி, துடைச்சு, எண்ணெய் போடலன்னா அந்த அழுக்கு ஈரத்த இழுத்து ரெண்டு நாள்ல துரு ஏறிரும். 1884-ல பிரான்சுல புகையில்லா மருந்து கண்டுபிடிச்சாங்க. அந்த மருந்துக்குன்னு செஞ்ச துப்பாக்கி எல்லாம் அதுக்குத் தகுந்த இரும்பு. நம்ம நீலகிரி அருவங்காட்டுல நூறு வருசத்துக்கு மேல ஓடுற கார்டைட் தொழிற்சாலையும் அந்த வகை மருந்து செய்யத்தான் வந்துச்சு. அந்த மருந்து கொடுக்குற அழுத்தத்தப் பழைய குழல் தாங்காது. அளவக் குறைச்சுப் போட்டா சரியாப் போகும்னு சிலர் சொல்றது சுத்தத் தப்பு. தீபாவளி வெடியப் பிரிச்சு அந்த மருந்தப் போடுறவன் துப்பாக்கிய வெடிகுண்டா மாத்துறான். லைசென்ஸ்ல எழுதின மருந்த, எழுதின அளவுக்கு, விக்க அனுமதி உள்ள இடத்துல வாங்கணும். வேற வழி கிடையாது.

இவ்வளவு தெரிஞ்சும் நானே ஒரு தடவ தப்புப் பண்ணினேன். முப்பது வருசம் ஆகப்போகுது. அப்ப அப்பா படுக்கையில இருந்தார். விளைஞ்ச கடலை, மறுநாள் பறிக்கணும்னு ஆள் சொல்லியாச்சு. அன்னைக்கு ராத்திரி பன்னி இறங்கிருச்சு. கோவத்துல மூங்கில் குழாயில ஒண்ணரை அளவு போட்டேன். கோட்டையும் பாக்கல. செடி அசையுற சத்தத்த வச்சுச் சுட்டேன். கேப்பு மாட்டுற நிப்பிள் பிச்சுக்கிட்டு என் காதோரமாப் போச்சு. கன்னத்துல தீய்ஞ்ச தழும்பு இன்னும் இருக்கு. எரிஞ்ச தக்கை பக்கத்து வைக்கோல் போர் ஓரத்துல விழுந்து புகைஞ்சுக்கிட்டு இருந்தத விடியக்காலையில தான் பாத்தோம். பன்னிக்கு ஒண்ணும் ஆகல. அந்தச் சத்தத்துக்கு நேரா, அம்பது தப்படி தள்ளி, எங்க சின்னம்மா மாட்டுக்குத் தண்ணி காட்ட எந்திரிச்சு நின்னுக்கிட்டு இருந்துச்சு. குண்டு எங்க போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. அத நினைச்சா இப்பவும் வயித்தக் கலக்குது.

அப்பாகிட்ட சொன்னப்போ திட்டல. "பன்னி ஒரு வருச வெள்ளாமையத் தின்னும். நீ ஒரு குடும்பத்தையே தின்னுருப்ப" அப்படின்னார்.

குண்டு எவ்வளவு தூரம் போகும்னு இந்த மாவட்டத்துல யாருக்கும் புதுசாச் சொல்ல வேண்டியதில்ல. 2021 டிசம்பர்ல நார்த்தாமலைப் பக்கம், பயிற்சித் தளத்துல சுட்ட குண்டு தாத்தா வீட்டுல இருந்த 11 வயசுப் பையன் தலையில பாஞ்சு, சில நாள்ல உயிர் போயிருச்சு. அது பயிற்சி உள்ளவங்க, அதுக்குன்னு ஒதுக்கின இடத்துல சுட்டது. இருட்டுல, சத்தத்த வச்சுச் சுடுற நம்ம கதி என்ன?

சட்டமும் தெரிஞ்சுக்கணும். லைசென்ஸ்ல பயிர்ப் பாதுகாப்புன்னு இருக்கிறதால பன்னியக் கொல்ல உரிமை வந்துராது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அதுக்கு வனத்துறை அனுமதி வேணும். மயிலு, மானு பக்கம் போகவே கூடாது. கேரளாவுல 2022-ல இருந்து பஞ்சாயத்துத் தலைவரே லைசென்ஸ் உள்ளவங்களுக்கு அனுமதி கொடுக்க வழி செஞ்சாங்க. நம்ம அரசு 2025 ஜனவரியில, காப்புக்காட்டுல இருந்து 3 கிலோமீட்டருக்கு அங்கிட்டு வர்ற பன்னிய வனத்துறை ஆளுகளே சுடலாம்னு சொல்லுச்சு. நல்ல முடிவுதான். ஆனா மனுக் கொடுத்து, பாத்து, முடிவாகி ஆள் வர்றதுக்குள்ள கடலை முடிஞ்சிரும். நஷ்ட ஈடும் அப்படித்தான்.

அதனால என் கருத்து இதுதான். சுடுறது பழகினவன் வேலை, அத வனத்துறையே செய்யட்டும், ஆனா பருவத்துக்கு முன்னாடி வரணும். கடலை காய் பிடிக்கிற மாசம் எதுன்னு அவங்களுக்கும் தெரியும். ஊருக்குள்ள பழைய துப்பாக்கி லைசென்ஸ் வச்சிருக்கிறவங்கள வருசத்துக்கு ஒருக்கா கூப்பிட்டு, குழலச் சோதிச்சு, அளவு, கோடு, கழுவுற முறை எல்லாம் சொல்லிக்கொடுக்கணும். தேர்தலுக்கு வாங்கி வைக்கிறப்பவே இதச் செய்யலாம், தனிச் செலவு ஒண்ணும் இல்ல. குழல் தேஞ்சிருந்தா, எவ்வளவு பாசமா இருந்தாலும், ஒப்படைச்சிரணும். ஆத்திரத்துல அவுட்டுக்காய் வைக்கிறவங்களுக்கும் சொல்றேன், அத முதல்ல கடிக்கிறது ஊரு மாடாவோ நாயாவோ தான் இருக்கும்.

பங்காளி மகன் மூஞ்சியத் தூக்கிக்கிட்டான். அவன் கோவம் எனக்குப் புரியுது, ஒரு ஏக்கருக்கு விதை, உரம், கூலின்னு போட்ட காசு யாரு கொடுப்பா? அன்னைக்கு ராத்திரி நானும் அவன்கூடக் கொல்லையில படுத்தேன். மூங்கில் குழாயில ஒரே அளவு மருந்து, குண்டு இல்லாம, வானத்தப் பாத்து ஒரு சத்தம். அத விட்டா டார்ச்சும் தகரமும். பன்னி மூணு தடவ வந்துச்சு, மூணு தடவையும் திரும்பிருச்சு. தூக்கம் போச்சு, மிச்சக் கடலை நின்னுச்சு.

விடியக்காலையில துப்பாக்கிய அவன் கையில கொடுத்து, வெந்நீர் ஊத்திக் கழுவச் சொன்னேன். கோட்டையும் காட்டினேன். லைசென்ஸ் என் பேர்ல தான் இருக்கு. ஆனா அளவு தெரிஞ்ச ஆளு இன்னொருத்தன் ஊருல இருக்கிறது நல்லது.