சோதிக்கப்படுவது கூடையா, உடலா?

தெருவிளக்கு மாற்ற வரும் ஸ்கை லிஃப்ட் வண்டியின் பக்கவாட்டில் எஃப்.சி. முடியும் தேதி பெயிண்டில் எழுதியிருக்கும். அந்தத் தேதி சக்கரத்துக்கும் பிரேக்குக்கும் விளக்குக்கும் உரியது. வண்டியின் முதுகில் மடங்கிக் கிடக்கும் இரும்புக் கையைக் கடைசியாக யார் சோதித்தார், எப்போது சோதித்தார் என்று எங்கும் எழுதியிருக்காது. மனிதர் நிற்பதோ அந்தக் கையின் நுனியில் தொங்கும் கூடையில்.

விருத்தாசலம் என் ஊர். இங்குள்ள பீங்கான் தொழிற்பேட்டைத் தொழிலாளர்களைப் பற்றித்தான் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். வெளியூர்க்காரர்களுக்கு விருத்தாசலம் என்றால் அகல் விளக்கும் பொம்மையும். ஆனால் நெய்வேலிச் சுரங்கத்தின் களிமண்ணைக் குழைத்து இந்த ஊர் நெடுங்காலமாகச் செய்துவரும் இன்னொரு பொருள் உண்டு: ஃபியூஸ் கேரியரும் இன்சுலேட்டரும். மின்கம்ப உச்சியில் கம்பியைத் தாங்கும் அதை மின் ஊழியர்கள் பெரும்பாலும் இன்சுலேட்டர் என்று சொல்வதில்லை, ‘பீங்கான்’ என்றே சொல்கிறார்கள். மழைக்காலத்தில் பீங்கான் வெடித்தால் ஊர் இருண்டுவிடும். உடனே ஒருவர் ஏற வேண்டும். சூளையிலிருந்து வெளியே வரும் ஒவ்வொரு பீங்கானையும் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அடுக்குகிறார்கள். அதை மாட்டப் போகும் மனிதரை உயரே தூக்கும் இயந்திரத்தை அப்படிப் பார்ப்பது யார் என்று கேட்டுக்கொண்டு போனதில்தான் இந்தக் கட்டுரை வந்தது.

ஒரு ஸ்கை லிஃப்டில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது? நிறைய இருக்கிறது. தூக்கும் கையின் வெல்டிங்கில் மயிரிழை விரிசல், ஹைட்ராலிக் ஹோஸில் கசிவு, வண்டி கவிழாமல் தாங்கும் ஜாக்கிக் கால்கள், மேலே இருப்பவர் மயங்கினால் கீழிருந்தே கூடையை இறக்கும் லீவர், பெல்ட் கயிற்றை மாட்டும் கொக்கி. மின்கம்பி அருகே வேலை என்றால் கூடையும் கையும் மின்சாரத்தைக் கடத்தாத ஃபைபர் கிளாஸாக இருந்தால் மட்டும் போதாது. அதன் மின்தடையைக் குறித்த கால இடைவெளியில் உயர் அழுத்தத்தில் சோதித்திருக்க வேண்டும். தூசியும் ஈரமும் படியப்படிய அந்தத் தடை குறையும். தெருவிளக்குக்கென்று வாங்கிய முழு இரும்பு லிஃப்டை 11 கே.வி. கம்பியருகே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

கடலூர் மாவட்டத்தில் ஓர் ஊரில் (பெயர் வேண்டாம்) ஒப்பந்தக்காரர் ஒருவரின் லிஃப்டைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நான்கு ஜாக்கிக் கால்களில் ஒன்று முழுதாக இறங்கவில்லை, அதற்கடியில் இரண்டு செங்கல் வைத்திருந்தார்கள். ஹோஸின் மேல் பழந்துணி சுற்றியிருந்தது. மேலே நின்றவர் பெல்ட் போட்டிருந்தார், ஆனால் கயிற்றைக் கம்பத்தில் மாட்டியிருந்தார். கூடை சட்டென்று இறங்கினாலோ வண்டி நகர்ந்தாலோ அந்தக் கயிறே அவரைக் கூடையிலிருந்து பிடுங்கி எறிந்துவிடும். அதனால்தான் அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி, பெல்ட்டைக் கூடையிலோ லிஃப்டின் கையிலோதான் கட்ட வேண்டும், அருகிலுள்ள கம்பத்தில் கட்டக் கூடாது என்று தடையே போட்டிருக்கிறது. இறங்கி வந்தவரிடம் கேட்டேன். “கூடையில மாட்றதுக்குக் கொக்கி எங்க தம்பி இருக்கு? அது உடஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு” என்றார்.

இதைக் கவனக்குறைவு என்று மட்டும் எழுதினால் தினசரியின் ஐந்தாம் பக்கத்தில் முடிந்துவிடும். பராமரிப்பு என்பது ஒரு கணக்கு. விழுகிற உடலுக்கு விலை அதிகம் என்றால் கொக்கியை உடனே மாற்றுவார்கள். விலை குறைவு என்றால் செங்கல் வைப்பார்கள். அந்த விலையை இந்த நாட்டில் நீண்டகாலமாக நிர்ணயித்து வருவது சாதி.

“கம்பம் ஏறுபவர்கள் எல்லோரும் தலித்துகளா?” என்று உடனே கேட்பீர்கள். இல்லை. பிற்படுத்தப்பட்ட சாதி ஏழைகளும் ஏறுகிறார்கள், சாகிறார்கள். ஆனால் மின்வாரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தோடு அறையில் இருக்கும் பொறியாளர், கம்பத்தடியில் நிற்கும் மேற்பார்வையாளர், ஏறும் நிரந்தர ஊழியர், அவருக்குப் பதிலாக ஏறும் ஒப்பந்தத் தொழிலாளி, அவருக்கும் கீழே குழி தோண்டிக் கம்பம் சுமக்கும் தினக்கூலி. இந்த ஏணியில் கீழே இறங்க இறங்க யாரைப் பார்க்கிறோம் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை. சாதி வேலையை மட்டும் பிரிக்கவில்லை, வேலை செய்பவர்களையே ஒருவர் மேல் ஒருவராக அடுக்கிப் பிரிக்கிறது என்று 1936இலேயே அண்ணல் அம்பேத்கர் சொன்னார். சொன்ன அதே மனிதர்தான் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாக சபையின் தொழிலாளர் உறுப்பினராக இருந்து, மின்சாரக் கொள்கையையும் அந்தத் துறையிலிருந்தே வகுத்தவர். மின்சாரமும் தொழிலாளர் நலனும் அவருடைய ஒரே மேசையில் இருந்தன என்பதை நம் தோழர்களே மறந்துவிடுகிறோம்.

2019இல் தமிழ்நாடு மின்வாரியம் 5,000 கேங்மேன் (பயிற்சி) பணியிடங்களுக்கு ஆள் எடுக்க அறிவிப்பு வெளியிட்டது. கல்வித் தகுதி ஐந்தாம் வகுப்பு. உடற்தகுதித் தேர்வில் மின்கம்பம் ஏறிக் காட்ட வேண்டும். பொறியியல் பட்டதாரிகள்கூட வந்து கயிறு கட்டி ஏறினார்கள். நேரம் குறித்து அரசு சோதித்தது அவர்களின் உடலை. ஏறுகிற உடல் மலிவாகக் கிடைக்கும்வரை ஏற்றுகிற இயந்திரத்தை யார் வாங்குவார்? வாங்கினாலும் யார் எண்ணெய் போட்டு வைத்திருப்பார்?

மலக்குழியில் நடப்பதும் இதேதான். 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பற்ற முறையில் சாக்கடைக்குள் மனிதரை இறக்கக் கூடாது என்கிறது. இறந்தால் 10 லட்சம் இழப்பீடு என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம் 2023இல் அதை 30 லட்சமாக்கியது. இயந்திரமும் இருக்கிறது. இருந்தும் இறக்குகிறார்கள். அங்கே கீழே இறக்குகிறார்கள், இங்கே மேலே ஏற்றுகிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். மலக்குழி மரணத்தைச் சாதிக் கொலை என்று சொல்ல நமக்கு இருபது முப்பது ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. கம்பத்தில் கருகிய ஒப்பந்தத் தொழிலாளியின் சாவு இன்னும் ‘மின் விபத்து’ என்றே பதிவாகிறது.

சட்டம் என்ன செய்தது? 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு ஹாயிஸ்ட், லிஃப்ட் ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், 29ஆம் பிரிவு கிரேன் போன்ற தூக்கு இயந்திரங்களைப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறையும் தகுதி பெற்றவர் முழுமையாகச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்றது. நல்ல சட்டம், ஆனால் அது தொழிற்சாலைக்குள் மட்டும். தெருவில் நிற்கும் லிஃப்டுக்கு அது வரவில்லை. மின்பாதை பழுதுபார்ப்பு 1996ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் சட்டத்துக்குள் வந்தது, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால். ஆறு பேரை வைத்திருந்த துணை ஒப்பந்தக்காரரால் தப்பிவிட முடிந்தது. பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு விதிப்படி மனிதரைத் தூக்கும் எந்த இயந்திரமானாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை. அங்கே தெருவா தொழிற்சாலையா என்று கேட்பதில்லை.

இப்போது இருந்ததும் சுருங்கியிருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளின்படி, மின்விசையோடு இயங்கும் இடம் ‘தொழிற்சாலை’ ஆக 10 பேர் போதாது, 20 பேர் வேண்டும். மின்விசை இல்லையென்றால் 20 அல்ல, 40. பன்னிரண்டு பேர், பதினைந்து பேர் வேலை செய்யும் எங்கள் ஊர்ப் பீங்கான் பட்டறைகளை நினைத்துப் பாருங்கள். நேற்றுவரை தொழிற்சாலை, இன்று இல்லை.

விருத்தாசலத்துக்குப் பக்கத்து நெய்வேலியில் 2020 மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தின் ஆறாவது அலகில் பாய்லர் வெடித்தது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஜூலை 1 அன்று அதே நிலையத்தில் ஐந்தாவது அலகு வெடித்து அன்றே ஆறு பேர் இறந்தார்கள், பிறகு எண்ணிக்கை கூடியது. ஒப்பந்தத் தொழிலாளர்களும் அதில் இருந்தார்கள். பொதுத்துறையின் பெரிய ஆலையிலேயே முதல் வெடிப்பு இரண்டாவதைத் தடுக்கவில்லை என்றால், கேட்க ஆளில்லாத தெருவோர லிஃப்டைப் பற்றி என்ன சொல்வது?

“எங்கள் தெருவுக்குள் வண்டி நுழையாது, வயலில் வண்டி போகாது” என்று அதிகாரிகள் சொல்வார்கள். வயலைப் பொறுத்தவரை உண்மைதான். அங்கே முறையாக எல்.சி. வாங்கி, எர்த் ராடு போட்டு, பெல்ட் மாட்டித்தான் ஏற வேண்டும், அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். ஆனால் தெரு? ஊர்த்தெருவுக்குள் நுழையும் லிஃப்ட் காலனித் தெருவுக்குள் ஏன் நுழைவதில்லை? அந்தத் தெருவைக் குறுக்கிப் போட்டது யார்?

படிக்கும் தோழர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் நகராட்சிக்கும் மின்வாரிய அலுவலகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். உங்களிடமும் உங்கள் ஒப்பந்தக்காரர்களிடமும் எத்தனை ஸ்கை லிஃப்ட் உள்ளன, ஒவ்வொன்றின் எடைச் சோதனையும் மின்தடைச் சோதனையும் கடைசியாக நடந்த தேதி என்ன, சோதித்தவரின் தகுதி என்ன, தினசரி வேலை தொடங்கும் முன் பார்க்கும் பதிவேட்டின் கடந்த ஆறு மாத நகல் வேண்டும், பழுதான லிஃப்டில் ஏற மறுத்த தொழிலாளிக்கு அன்றைய கூலி தரப்பட்டதா என்று கேளுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வந்த பதிலை, வராவிட்டால் மனுவின் நகலை, கம்பம் ஏறுபவர்களின் கையில் கொடுங்கள்.