சுண்டைக்காய் கால் பணம், டவர் ஏற முக்கால் பணம்

வயர்லெஸ் இன்டர்நெட் தரும் சிறு நிறுவனங்கள் பல, ரேடியோ வாங்கும்போது இரண்டே கேள்விதான் கேட்கின்றன. எத்தனை எம்பிபிஎஸ்? என்ன விலை? பெட்டியில் 300 என்று போட்டு விலையும் குறைவாக இருந்தால் ஆர்டர் போய்விடும். இதற்குப் பெயர் சிக்கனம் அல்ல. இன்றைய செலவை நாளைய கணக்கில் எழுதுவது!

முதலில் அந்த 300. அது காற்றில் ஓடும் உச்ச வேகம். சாதாரண 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ ஒரே அலைவரிசையில் மாறி மாறித்தான் அனுப்பும், வாங்கும். போக்கும் வரவும் சேர்த்தே கைக்கு வருவது ஏறக்குறையப் பாதிதான். ஊர் முழுவதன் டிராஃபிக்கையும் நகரத்துக்குச் சுமக்கும் பேக்ஹால் இணைப்பை இந்த எண்ணை நம்பிக் கட்டினால், மாலை ஏழு மணிக்கு எல்லார் வீட்டிலும் சக்கரம் சுற்றும்.

அடுத்தது தூரம். ரேடியோ அலை 15 கி.மீ. போய்த் திரும்ப 100 மைக்ரோ விநாடி ஆகும். வீட்டுக்குள் பயன்படுத்தப் பிறந்த வைஃபை அவ்வளவு நேரம் பதிலுக்குக் காத்திருக்காது. போய்ச் சேர்ந்ததையே திரும்ப அனுப்பும். தேனி அரவிந்த் கண் மருத்துவமனையை வெளியூர்ப் பார்வை மையங்களோடு இணைத்த பெர்க்லி பல்கலைக்கழகக் குழு இதற்கு ஒரு வழி கண்டது. இரு முனைகளும் நேரம் பிரித்து முறை வைத்துப் பேசும் ஏற்பாட்டை 2007இல் வெளியிட்டது. இன்று 'டிடிஎம்ஏ' என்று விற்கும் வசதியின் அடிப்படையும் அதுதான். விலைப்பட்டியலில் அதைத் தேடுகிறவர்கள் எத்தனை பேர்?

அதே குழு 2008இல் சொன்னது இன்னும் முக்கியம். கிராமத்து இணைப்புகளைச் சாய்த்ததில் முதலிடம் மின்சாரத்துக்கு. மின்னழுத்தம் ஏறி இறங்கி அடாப்டரும் போர்டும் எரிந்தன, மெமரி கார்டுகள் கெட்டன. இணைப்பு அறுந்தால், பார்வை மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளி தேனியில் இருக்கும் டாக்டரை வீடியோவில் பார்க்க முடியாது. பஸ் ஏற வேண்டியதுதான்.

ஒரு கணக்கு. 10,000 ரூபாய் ரேடியோ ஒன்று, 16,000 ரூபாய் ரேடியோ ஒன்று என்று வைத்துக்கொள்வோம். முதலாவது வருடத்துக்கு மூன்று முறை பழுதாகிறது. ஒவ்வொரு முறையும் வண்டி, டவர் ஏறும் ஆள், மாற்றுப் பாகம் எல்லாம் சேர்த்து 2,500. ஒரே வருடத்தில் மலிவான ரேடியோ 17,500 ஆகிவிட்டது. விலகிப்போன வாடிக்கையாளர் இந்தக் கணக்கிலேயே வரவில்லை.

'சின்ன கம்பெனிக்கு ஏது காசு?' என்பார்கள். விலை உயர்ந்த பிராண்டை வாங்கச் சொல்லவில்லையே! தேனி வலையமைப்பே மலிவான வைஃபை பாகங்களால் கட்டியதுதான். லைசென்ஸ் செலவும் தடையில்லை. 2007இல் 5.8 கிகாஹெர்ட்ஸில் திறந்தவெளிக்கு 50 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே கிடைத்தது. 2018இல் 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் லைசென்ஸ் இல்லாமல் திறக்கப்பட்டது. ஆனால் அந்தக் கதவு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. பக்கத்து டவரின் இரைச்சலை அளக்காமல் ரேடியோ வாங்குவது கிணற்றைப் பார்க்காமல் மோட்டார் வாங்குவது போல.

எனவே கொட்டேஷன் ஒப்பிடும் தாளில் இன்னும் நான்கு கட்டங்கள் வேண்டும்: உண்மையான வேகம், இணைப்பின் தூரம், மின் பாதுகாப்பு, ஐந்து வருடப் பராமரிப்பு. அவற்றை நிரப்பிய பிறகு எது மலிவு என்று பேசட்டும்.