தவளைப் பெட்டிக்கு மருந்தடிக்கலாமா?

வீட்டில் எறும்பு ஊர்ந்தால் சாக்கட்டியால் கோடு கிழிக்கிறோம். கரப்பான் ஓடினால் மருந்துப் புட்டியைத் தேடுகிறோம். சிற்றுயிர் என்றாலே பகை என்னும் எண்ணம் நம்மிடம் ஊறிப்போய்விட்டது. அது எவ்வளவு தவறு என்பதற்கு மேல்நாட்டில் தவளை வளர்ப்போரின் கண்ணாடிப் பெட்டியே சிறந்த சான்று என்பேன்.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலர் நச்சம்புத் தவளை என்னும் வண்ணத் தவளைகளை வளர்க்கின்றனர். இவை நடு அமெரிக்க, தென்னமெரிக்க மழைக்காடுகளைச் சேர்ந்தவை. பெட்டிக்குள் மண், பாசி, உலர்ந்த இலை, செடி எல்லாம் வைத்து, நீர் தெளித்து, சிறியதொரு காட்டையே அமைத்துவிடுவார்கள். சில வாரங்களில் கண்ணாடியின் உட்புறம் வெள்ளைப் புள்ளிகள் ஊரும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் எட்டுக் கால்கள்! சிற்றுண்ணிகள். "ஐயோ, தவளைக்கு ஆபத்து!" என்று உடனே பூச்சி மருந்தைக் கையில் எடுப்போரும் உண்டு.

தோழியரே, தவளையின் தோலைப் பற்றி நாம் பாடத்தில் படித்ததை இங்கே நினைவுகூர வேண்டும். தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. தோல் வழியே உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சின் ஒரு பகுதியும் தோல் வழியாகவே. அப்படியானால் பெட்டியில் தெளித்த நஞ்சு எங்கே போகும்? நேரே தவளையின் உடலுக்குள்தான். மேலும் சிற்றுண்ணி பூச்சியினமே அல்ல; சிலந்தியின் உறவு. பல பூச்சி மருந்துகளுக்கு அது சாவதில்லை. உண்ணி பிழைக்கும், தவளை மாளும்! இதற்குப் பெயர் சிகிச்சையா?

சரி, அந்த உண்ணிகள் அங்கே என்னதான் செய்கின்றன? பெரும்பாலானவை பூஞ்சணத்தையும், அழுகும் இலையையும், தவளையின் கழிவையும் தின்பவை. சம்பளம் இல்லாத தோட்டிகள். தவளையின் உடலில் ஒட்டி வாழும் இனங்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அமெரிக்கக் கண்டத்தில், காட்டிலிருந்து பிடித்த தவளைகளின் தோலுக்கடியில் சிவந்த கொப்புளங்களாகச் சில உண்ணிக் குஞ்சுகள் தங்கியிருக்கும். அதற்குக் கால்நடை மருத்துவரே வழி. கண்ணாடியில் ஊர்வதற்கும் இதற்கும் தொடர்பில்லை.

எனக்கு மிகுந்த வியப்பளித்த செய்தி ஒன்று. காட்டில் வாழும்போது கொடிய நஞ்சுடைய இத்தவளைகள், பெட்டியில் பிறந்து வளர்ந்தால் நஞ்சற்றுப் போகின்றன. நஞ்சு அவற்றின் சொந்தச் சரக்கன்று. எறும்பு, சிற்றுண்ணி போன்ற உணவிலிருந்து சேர்த்து வைப்பது. மண்ணில் வாழும் சிற்றுண்ணிகளே அதற்கு ஒரு பெரிய மூலம் என்று 2007-இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். நாம் பகை என்று துடைக்கப் பார்ப்பதுதான் காட்டில் தவளைக்குக் கவசம்! சாலையில் கிடந்த புழுவையும் மிதிபடாமல் எடுத்து ஓரத்தில் விட்டாராம் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ். அவர் இதைக் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். நம் நாட்டிலும் தவளைக்காலைக் கப்பலேற்றிக் காசு பார்த்தோம்; வயலில் பூச்சி தின்ன ஆளில்லை என்ற கவலை எழுந்து, 1987-இல் அந்த ஏற்றுமதிக்குத் தடை வந்தது.

ஆனால் உண்ணிகள் அளவு மீறிப் பெருகினால் சும்மா இருக்கவும் கூடாது. தின்னாத இரை அழுகுகிறது, காற்றோட்டம் குறைவு என்பதற்கு அது அடையாளம். மிச்ச உணவை அகற்ற வேண்டும். இரவில் ஒரு வெள்ளரித் துண்டை வைத்தால் உண்ணிகள் அதில் மொய்க்கும். காலையில் துண்டோடு எடுத்து எறியலாம். ஸ்பிரிங்டெயில் என்னும் துள்ளும் நுண்பூச்சிகளை விட்டால், அவை அதே பூஞ்சணத்தைத் தின்று உண்ணிகளுக்கு இரையைக் குறைக்கும், தவளைக்கும் தீனியாகும்.

மண்ணையெல்லாம் கொட்டி, இலையை வேகவைத்து, பெட்டியைத் தேய்த்துக் கழுவுவோரும் உண்டு. இது வீண் வேலை என்பது என் எண்ணம். ஏனெனில் உண்ணிகள் பெரும்பாலும் வருவது தவளைக்கு இரையாக வளர்க்கும் பழ ஈக்களின் புட்டியிலிருந்து. மாவுண்ணியின் ஒரு பருவம் ஈயின் உடலைப் பற்றிக்கொண்டு இலவசப் பயணம் செய்யும். பெட்டியை எத்தனை முறை கழுவினாலும், மறுநாள் ஈயைத் தட்டிப் போடும்போது அவையும் உடன் இறங்கிவிடும். கவனிக்க வேண்டியது அந்தப் புட்டியைத்தான். புட்டிகளைச் சோப்பு கலந்த நீர்த்தட்டின் நடுவே வைத்து, ஒரு மாதமானதும் பழையதை எறிந்துவிட்டால் பாதித் தொல்லை தீரும்.