சுரங்கத்திற்கு இப்புறம் மழை, அப்புறம் வெயில்



“இலங்கைக்கு எந்த மாதத்தில் போவது நல்லது, ஹஜரத்?” என்று என்னிடம் கேட்போர் உண்டு. தூத்துக்குடி, காயல்பட்டினம் குடும்பங்கள் பலவற்றிற்குக் கொழும்பிலும் புத்தளத்திலும் உறவினர் இருக்கின்றனர். திருமணத்திற்கும் நலம் விசாரிக்கவும் போய்வர வேண்டியிருக்கிறது. கேள்வி எளியது; விடைதான் ஒன்றல்ல.

இலங்கையின் பரப்பு 65,610 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் ஏறத்தாழப் பாதி. கரையோரமெல்லாம் சமவெளி, தெற்கு நடுப்பகுதியில் மலைநாடு. அதன் உச்சியான பிதுருதலாகல 2,524 மீட்டர் உயரமுடையது. இம்மலைதான் தீவின் மழையைப் பங்கிடுகிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி, இரத்தினபுரி பகுதிகளையும் மேற்குச் சரிவுகளையும் நனைத்துவிட்டு, மலையைத் தாண்டும்போது வறண்டுபோகிறது. அப்போது திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வெயில் காயும். வடகிழக்குப் பருவத்தில் கிழக்கும் வடக்கும் மழை பெறும்.

இது நமக்குப் புதிதன்று. மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்கு மழையைத் தடுத்துவிடுவதால்தான் ஜூலையிலும் தூத்துக்குடியில் உப்பு வாருகிறார்கள். கடலுக்கு அப்பால் புத்தளத்திலும் உப்பளங்கள் உண்டு. மன்னாரின் வறண்ட கரையில் இறங்குபவருக்கு வேற்று நாட்டில் கால்வைத்த எண்ணமே எழாது.

மதரஸாவுக்கு நீண்ட விடுமுறை ரமலானை ஒட்டியே கிடைக்கும். பிறை ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவாதலால், எங்கள் பயணக் காலமும் ஆண்டுதோறும் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கும். 2016இல் பெருநாளுக்குப் பின், ஜூலையில், என் தாயாரை அழைத்துச் சென்றேன். இங்கே அனல், ஆதலால் கம்பளி எதையும் எடுத்துச் செல்லவில்லை. கொழும்பிலிருந்து பதுளை செல்லும் ரயில் மலையேற ஏற மூடுபனியும் தூறலும் சூழ்ந்தன. தாயார் நடுங்கத் தொடங்கினார். எதிரே இருந்த சிங்கள மூதாட்டி ஒருவர், ஒரு சொல்லும் பேசாமல், தம் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டார். பட்டிப்பொல நிலையம் கடந்து சுரங்கத்திற்குள் ரயில் புகுந்தது. வெளியே வந்தபோது ஒகியாப் பக்கம் பளிச்சென்று வெயில்! பெட்டியில் இருந்தோர் யாவரும் சிரித்துவிட்டனர்.

காற்றைக் கணக்கிட்டே நம் முன்னோர் இக்கடலில் தொழில் செய்தனர். பருவக்காற்றுகளின் இடைவெளியில் கடல் அடங்கித் தெளியும் மார்ச், ஏப்ரலை ஒட்டியே மன்னார்ப் பக்கம் முத்துக் குளிப்பு நடந்தது. கீழக்கரை முஸ்லிம்களும் பரதவரும் அங்கே சென்று மூழ்கினர். நம் தூத்துக்குடிக் கரையில் 1961க்குப் பின் முத்துக் குளிப்பு நடைபெறவில்லை. 1344இல் மாலத்தீவிலிருந்து நம் கரைக்குப் புறப்பட்ட இப்னு பதூதாவைக் காற்று புத்தளத்தில் ஒதுக்கியது. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியிடம் முத்துகளைக் கண்டார். பாவா ஆதம் மலையில் ஏற அனுமதி கேட்டார். 2,243 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் ஏற ஏற்ற காலம் டிசம்பர் முதல் மே வரை. பிற மாதங்களில் மழையும் காற்றும் முதியோரை வருத்தும்.

ஆக, கொழும்புக்கும் தென்கரைக்கும் ஜனவரி முதல் மார்ச் வரை. கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை. நுவரெலியாவுக்கு எப்போது போனாலும் கம்பளி எடுத்துச் செல்லுங்கள்.

பருவங்கள் மாறும் அக்டோபர், நவம்பரில் மட்டும் மலைப்பயணத்தைத் தவிர்த்துவிடுங்கள். பயணிக்கு அழகாய்த் தெரியும் தேயிலைச் சரிவுகளில்தான் நம் தமிழ்த் தொழிலாளரின் வரிசை வீடுகள் இருக்கின்றன. 2014 அக்டோபர் 29 காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை அருகே மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து அத்தகைய வீடுகளை மூடிவிட்டது. தேசியக் கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டவாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படுமுன் அங்குள்ள உறவினரிடம் அதை விசாரித்துக்கொள்ளுங்கள்.